மண்டபத்தில் வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு: மண்டபக்காரரா, சமையல்காரரா, கல்யாண வீட்டாரா?

வந்த கேள்வி சுருக்கமாக இது. தாய்மாமா மகளின் கல்யாணம், வாடகை மண்டபத்தில். இரண்டாம் பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன அம்மா, வயது 61, வாஷ்பேசின் வரிசைக்கு முன்னால் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சைக்கு 3,40,000 ரூபாய் ஆனது. வீட்டிலேயே தையல் வேலை செய்துவந்தவர். இப்போது மிஷினை மிதிக்க முடியவில்லை. மண்டப மேனேஜர் சமையல் ஆட்களைக் கைகாட்டுகிறார், சமையல் காண்ட்ராக்டர் மண்டபத்தைக் கைகாட்டுகிறார். மாமா கையெழுத்திட்ட படிவத்தில் ‘விபத்துகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று அச்சடித்திருக்கிறது. யாரிடம் இழப்பீடு கேட்பது? மாமாவை இதில் இழுக்க மனமில்லை. சம்பவம் நடந்து இரண்டு மாதம் ஆகிறது.

அந்தக் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். சட்டத்தின் கணக்கில் இரண்டு மாதம் ஒரு தாமதமே இல்லை. நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இரண்டு ஆண்டு, சிவில் நீதிமன்றத்தில் இழப்பீட்டு வழக்குப் போட மூன்று ஆண்டு இருக்கிறது. சாட்சியத்துக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. கொட்டிய தண்ணீரை அப்போதே துடைத்திருப்பார்கள். மண்டபத்தின் சிசிடிவியில் பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறியிருக்கும். எஞ்சியிருப்பது கல்யாண வீடியோ. பந்தியைப் படம் பிடிக்காத வீடியோக்காரரை நான் பார்த்ததில்லை. வேண்டாததை வெட்டித் தள்ளி, பாட்டுச் சேர்த்து உங்கள் மாமாவிடம் அவர் கொடுப்பதற்கு முன், வெட்டாத முழுப் பதிவையும் இன்றே கேட்டு வாங்குங்கள். முன்னால் யார் சிரிக்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு, பின்னால் தரை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நான் நடத்திய ஒரு வழக்கில், மணமக்கள் ஒருவருக்கொருவர் ஜிலேபி ஊட்டும் காட்சிக்குப் பின்னால் ஒரு சிறுவன் ஈரத்தில் சறுக்கிச் சுவரைப் பிடித்துக்கொள்வது பதிவாகியிருந்தது. எங்கள் கட்சிக்காரர் அதே இடத்தில் விழுந்தது அதற்கு அரை மணி நேரம் கழித்து. மற்ற ஆவணங்களெல்லாம் அந்தச் சில விநாடிகளுக்குத் துணைக்கு வந்தவைதான். டிஜிட்டல் பதிவைச் சாட்சியமாக வைக்க பாரதிய சாட்சியச் சட்டம், 2023இன் 63ஆவது பிரிவுப்படி ஒரு சான்றிதழ் தேவைப்படும். வீடியோக்காரரிடம் அதையும் சேர்த்தே பேசிவிடுங்கள்.

இரண்டாவது வேலை, மருத்துவமனைக் காகிதங்கள். விபத்துப் பதிவேட்டின் நகலையும் (ஏ.ஆர். காப்பி என்று கேட்டால் கொடுப்பார்கள்) டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்து, எப்படி விழுந்ததாக எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அம்மாவை ஆம்புலன்ஸிலிருந்து இறக்கும் பதற்றத்தில் ‘கீழே விழுந்துவிட்டார்’ என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். இரவுப் பணி மருத்துவர் அதை ‘செல்ஃப் ஃபால்’ என்று எழுதியிருப்பார். அவரைப் பொறுத்தவரை யாரும் அடிக்கவில்லை, வண்டி மோதவில்லை, அவ்வளவுதான். எதிர்த்தரப்பு வக்கீல் கையில் அதற்கு ‘தன் கவனக்குறைவால் தானே விழுந்தார்’ என்று பொருள் வந்துவிடும். அப்படித்தான் எழுதியிருக்கிறது என்றால், கல்யாண மண்டபத்தின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தவர் என்று சிகிச்சை அளித்த மருத்துவரிடமிருந்து ஒரு சான்று இப்போதே பெறப் பாருங்கள். பழைய பதிவைத் திருத்தச் சொல்லாதீர்கள். அது வேறு வம்பில் முடியும்.

இனி சட்டத்துக்கு வருவோம். கட்டடம் யாருடையது என்று கேட்டுக்கொண்டு போனால் பாதி வழியில் நின்றுவிடுவோம். விழுந்த அந்த நேரத்தில் அந்தத் தரை யார் கையில் இருந்தது என்பதே கேள்வி. துடைக்க ஆள் அனுப்பவும், குழாயை மூடவும், ‘இந்தப் பக்கம் வராதீர்கள்’ என்று ஒரு நாற்காலியைக் குறுக்கே போடவும் யாருக்கு அதிகாரம் இருந்தது? வருகிறவர்களுக்கு இட உரிமையாளர் காட்ட வேண்டிய கவனம் பற்றி இங்கிலாந்தில் 1957இல் தனிச் சட்டமே போட்டார்கள். நம் நாட்டில் அப்படி ஒன்று இல்லை. இங்கே இது நீதிமன்றத் தீர்ப்புகளாலேயே வளர்ந்த சட்டம். அதனால்தான் ஆளுக்கொரு பக்கம் கைகாட்ட இவ்வளவு இடம் கிடைக்கிறது.

மண்டப உரிமையாளர் முதலில் சொல்லப்போவது, ‘வாடகைக்கு விட்டாயிற்று, அந்த இரண்டு நாளும் மண்டபம் பெண் வீட்டார் வசம்’ என்பது. வீட்டுக்கும் வாடகை, மண்டபத்துக்கும் வாடகை என்று நாம் ஒரே சொல்லைப் புழங்குவதால் இது நியாயம்போல் தோன்றும். சட்டத்தில் இரண்டும் ஒன்றல்ல. டெல்லி இம்பீரியல் ஓட்டலில் முடிதிருத்தகத்துக்கு விட்ட அறைகள் பற்றிய 1959ஆம் ஆண்டு வழக்கிலிருந்து உச்ச நீதிமன்றம் பார்த்துவருவது இதைத்தான்: இடத்தின் முழு அனுபோகமும் கைமாறியதா, அல்லது வந்து பயன்படுத்திவிட்டுப் போக அனுமதி மட்டும் தரப்பட்டதா? முன்னது குத்தகை, பின்னது வெறும் உரிமம். உங்கள் மாமாவிடம் மண்டபத்தின் எத்தனை சாவிகள் இருந்தன? மணமகள் அறைச் சாவியும் மணமகன் அறைச் சாவியும் இருந்திருக்கும். மேனேஜர் தன் அறையிலேயே உட்கார்ந்திருந்தார். ஜெனரேட்டரை அவர்கள் ஆள்தான் போட்டார். தண்ணீர் மோட்டார், வாட்ச்மேன், கூட்டிப் பெருக்கும் பெண்கள் எல்லாம் அவர்கள் பொறுப்பு. துப்புரவுக்கென்று தனியாக ஒரு தொகையும் வாங்கியிருப்பார்கள். ரசீதில் அந்த வரியைத் தேடுங்கள். கூட்டிப் பெருக்கப் பணம் வாங்கியவர், தரை தன் வசம் இல்லை என்று சொன்னால் எந்த ஆணையமும் அதை எளிதில் நம்பாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1997இல் மத்திய அரசு கல்யாண மண்டபங்களைச் சேவை வரிக்குள் கொண்டுவந்தபோது, தமிழ்நாடு கல்யாண மண்டப சங்கம் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. இடம் விடுவதையும் சாப்பாடு போடுவதையும் சேவை என்று பெயரிட்டு வரி போட முடியாது என்பது வாதம். 2004இல் அந்த வழக்குத் தோற்றது. மண்டபம் நடத்துவது சேவைதான் என்று தீர்ப்பு வந்தது. வரிக்காக நடந்த அந்தச் சண்டையின் முடிவு, இன்று வழுக்கி விழுந்தவர் கையில் ஆயுதமாக நிற்கிறது. சேவை என்றால் சேவைக் குறைபாடு என்ற ஒன்று உண்டு, அதற்காக நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். மாமாவின் ரசீதில் 18 சதவீத ஜிஎஸ்டி போட்டிருந்தால் இன்னும் நல்லது. சேவைக்கான வரியை வாங்கிவிட்டு இது சேவையே அல்ல என்று அவர்கள் சொல்ல முடியாது.

சமையல் காண்ட்ராக்டரின் பங்கு என்ன? அதற்கு விழுந்த இடத்தை அடி அடியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டு பந்தி வரிசைகளுக்கு நடுவில் பரிமாறுகிறவர் கையிலிருந்து ரசம் சிந்தி, அடுத்த வரிசைக்கு ஆளை உட்கார வைக்கும் அவசரத்தில் யாரும் துடைக்காமல் விட்டிருந்தால் அது சமையல் தரப்பின் தவறு. எச்சில் இலையை வாளியில் எடுத்துப் போகும்போது ஒழுகிய தண்ணீரும் அப்படியே. வாஷ்பேசின் இடம் வேறு. அங்கே தரை ஈரமாகும் என்பது கட்டடம் கட்டிய நாளிலேயே தெரிந்த விஷயம். 500 பேர் கை கழுவப் போகும் இடத்தில் கண்ணாடிபோல் பளபளக்கும் டைல்ஸ் ஒட்டியதும், தண்ணீர் வடிய வாட்டம் விடாததும், அடைத்துக்கொண்ட வடிகாலை அப்படியே விட்டதும், ரப்பர் மிதியடி போடாததும், பந்தி நேரத்தில் மாப் பிடித்து நிற்க ஓர் ஆளைக்கூட வைக்காததும் மண்டப நிர்வாகத்தின் தலையில்தான் விழும். உங்கள் அம்மா விழுந்தது அந்த இடத்தில். ஆகவே முதல் எதிர்த்தரப்பு மண்டபம். எச்சில் இலைகளை அந்த வழியாகத்தான் கொண்டுபோனார்கள் என்றோ, பாத்திரங்களையும் அங்கேயே கழுவினார்கள் என்றோ வீடியோவில் தெரிந்தால் காண்ட்ராக்டரை இரண்டாவதாகச் சேருங்கள். ‘எங்கள் சமையல்காரரைத்தான் வைக்க வேண்டும்’ என்று மண்டபம் நிபந்தனை போட்டிருந்ததா என்றும் மாமாவிடம் கேளுங்கள். அப்படியென்றால் காண்ட்ராக்டரைக் கைகாட்டித் தப்பிக்கும் வழியும் மண்டபத்துக்குக் குறுகிவிடும்.

ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு பேர் பொறுப்பாளிகளாக இருக்கலாம் என்பதற்கு, வழுக்கலை ஒட்டிய ஒரு பழைய ஆங்கில வழக்கை நம் சட்டக் கல்லூரிகளிலும் சொல்லிக்கொடுப்பார்கள். வீட் என்பவரின் குடும்பம் லேகான் மதுபானக் கம்பெனி மேல் போட்டது. 1966இல், அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. கம்பெனிக்குச் சொந்தமான மதுக்கடையின் மாடியில் மேனேஜரின் குடும்பம் விருந்தினர்களைத் தங்கவைத்தது. அங்கே தங்கிய ஒருவர் இருட்டில் பின்பக்கப் படியில் இறங்கும்போது விழுந்து இறந்தார். கைப்பிடி கடைசிப் படி வரை வராமல் பாதியில் நின்றிருந்தது. படிக்கு மேலே பல்பும் இல்லை. கம்பெனி, மேனேஜர் இருவருமே அந்த இடத்தின் பொறுப்பாளிகள்தான் என்றார்கள் நீதிபதிகள். ஆனாலும் வழக்குத் தோற்றது. பகலில் அந்தப் படியால் ஆபத்தில்லை. பல்பை யாரோ கழற்றிக்கொண்டு போனதற்கு இவர்கள் என்ன செய்வார்கள் என்று முடிந்தது. பாதித் தீர்ப்பைச் சொல்லி உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட விருப்பமில்லை, அதனால் மீதியையும் சொன்னேன். பொறுப்பாளி என்று நிறுவுவது ஒரு படி. அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று காட்டுவது அடுத்த படி.

அந்த இரண்டாவது படியில்தான் பெரும்பாலான வழுக்கல் வழக்குகளும் வழுக்குகின்றன. டெல்லி சாந்தினி சௌக்கில் மாநகராட்சியின் மணிக்கூண்டு இடிந்து விழுந்து ஆட்கள் இறந்த வழக்கில், 1966இல் உச்ச நீதிமன்றம், நடந்த சம்பவமே கவனக்குறைவைப் பேசுகிறது என்றது. பராமரித்தால் மணிக்கூண்டு தானாக விழாது. மனிதர்கள் அப்படியல்ல, காய்ந்த தரையிலும் விழுவார்கள். ‘ஈரமாக இருந்தது, விழுந்தார்’ என்று மட்டும் சொன்னால் போதாது. எவ்வளவு நேரமாக ஈரம் இருந்தது, நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்ததா, தெரிந்திருக்க வேண்டியதா என்று கேட்பார்கள். இதில் உங்களுக்குத் துணை வருவது 1976ஆம் ஆண்டு ஆங்கிலத் தீர்ப்பு ஒன்று. டெஸ்கோ கடையில் தரையில் சிந்திய தயிரில் ஒரு பெண் வழுக்கி விழுந்தார். தயிர் எப்போது சிந்தியது என்று அவரால் சொல்ல முடியவில்லை. நன்றாக நடத்தப்படும் கடையில் தரையில் தயிர் கிடக்காது, துடைக்க என்ன ஏற்பாடு வைத்திருந்தீர்கள் என்று கடைக்காரர்தான் விளக்க வேண்டும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். நம் நீதிமன்றங்களை இந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது, எடுத்துச் சொல்லலாம். உங்கள் வக்கீல் நோட்டீஸில் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: அன்று கை கழுவும் இடத்தைத் துடைக்க யார் நியமிக்கப்பட்டிருந்தார், எந்த நேரத்துக்கு ஒரு முறை துடைத்தார்? பதில் வந்தால் அந்த ஆளைச் சாட்சியாக அழைக்கலாம். வராவிட்டால் அந்த மௌனத்தையே ஆணையத்தின் முன் வைக்கலாம்.

அச்சடித்த அந்த வாக்கியத்துக்கு வருவோம். ‘நிர்வாகம் பொறுப்பல்ல’ என்பதைப் படிவத்திலும் போடுவார்கள், வாசலில் போர்டாகவும் மாட்டுவார்கள். செருப்பு தொலைந்தால் பொறுப்பல்ல என்பதற்கும் இடுப்பு முறிந்தால் பொறுப்பல்ல என்பதற்கும் ஒரே பெயின்ட், ஒரே எழுத்து. மக்களும் அதைப் படித்துவிட்டுத் தமக்கு உரிமையே இல்லை என்று நம்பிப் போய்விடுகிறார்கள். அந்த போர்டின் முழுப் பயனும் அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. டெல்லி தாஜ்மஹால் ஓட்டலில் 1998இல் ஒருவர் காரை நிறுத்தச் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். கார் திருடு போனது. ‘வண்டி உரிமையாளரின் பொறுப்பில்’ என்று டோக்கனில் அச்சடித்திருக்கிறது என்றது ஓட்டல். தன் கவனக்குறைவுக்கு அப்படி ஒரு வரியின் பின்னால் ஓட்டல் ஒளிந்துகொள்ள முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது ஒப்படைத்த பொருளைப் பற்றிய தீர்ப்பு, உடற்காயத்தைப் பற்றியது அல்ல என்று எதிர்த்தரப்பு வாதாடும். வாதாடட்டும். காருக்கு உள்ள பாதுகாப்பு காலுக்குக் கிடையாதா என்று திருப்பிக் கேட்கலாம். எப்படியிருந்தாலும் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டது உங்கள் மாமா. அம்மா அதைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

‘அம்மா எங்களுக்குப் பணம் தரவில்லை, எங்கள் வாடிக்கையாளரும் அல்ல’ என்ற வாதம் அடுத்து வரும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் 2(7) பிரிவு இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. காசு கொடுத்துச் சேவையை அமர்த்தியவரின் ஒப்புதலோடு அதை அனுபவிப்பவரும் நுகர்வோரே. மருத்துவமனை வழக்கு ஒன்றில், பணம் கட்டிய பெற்றோர், சிகிச்சை பெற்ற குழந்தை இரு தரப்பையும் நுகர்வோர் என்று 1998லேயே உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மாமாவின் ஒப்புதலுக்கு என்ன ஆதாரம்? கல்யாணப் பத்திரிகை. அதன் அசல் ஒன்றை எடுத்துக் கோப்பில் வையுங்கள். மண்டபத்தின் பெயர், நாள், நேரம் எல்லாம் அதில் அச்சாகியிருக்கிறது. ‘சுற்றமும் நட்பும் சூழ வருகை தருமாறு’ அழைத்ததும் மாமாதான். உறவுமுறையையும் தாண்டி இவ்வளவு சுத்தமான ஆவணம் வேறு எந்த வழக்கிலும் இவ்வளவு மலிவாகக் கிடைப்பதில்லை.

எங்கே போவது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை: மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். மண்டபம் வேறு ஊரில் இருந்தாலும் அம்மா குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். பலருக்கும் தெரியாத ஒன்று, 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் எந்த ஆணையம் என்பதைத் தீர்மானிப்பது கேட்கும் இழப்பீடு அல்ல, சேவைக்குக் கொடுத்த தொகை. அந்தத் தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம் விசாரிக்கலாம். மண்டப வாடகையும் சமையல் செலவும் சேர்ந்து 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய். சிவில் நீதிமன்றத்தில் இதே வழக்கைப் போட்டால் கேட்கும் தொகையில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம். வக்கீல் இல்லாமலும் ஆணையத்தில் நடத்தலாம்; இந்த வழக்கில் நடத்தாதீர்கள். தரை, வடிகால், சாட்சிகள் என்று போகும் வழக்கில் குறுக்கு விசாரணை தேவைப்படலாம். ‘இது சிக்கலான வழக்கு, சிவில் நீதிமன்றத்துக்கு அனுப்புங்கள்’ என்று எதிர்த்தரப்பு கேட்கவும் கேட்கும். புகாரைச் சுருக்கமாகவும், ஆவணங்களை முழுமையாகவும், சாட்சிகளின் வாக்குமூலங்களைத் தொடக்கத்திலேயே உறுதிமொழிப் பத்திரமாகவும் வைத்தால் அந்த வாதம் எடுபடுவது கடினம்.

சிவில் வழக்கின் நீளத்துக்கு ஓர் உதாரணம். 1972இல் லுஃப்தான்சா விமான நிறுவனத்தின் துணை விமானி ஒருவர் டெல்லி ஓபராய் இன்டர்கான்டினென்டல் ஓட்டலில் தங்கினார். நீச்சல் குளத்தில் குதித்ததில் தலையில் அடிபட்டு உடல் செயலிழந்தது. அறையை எடுத்தது விமான நிறுவனம், அவரோடு எங்களுக்கு ஒப்பந்தம் இல்லை என்று ஓட்டல் சொன்னதை டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. குளத்தின் ஆபத்துக்கு ஓட்டலே பொறுப்பு என்று 50 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. தீர்ப்பு வந்தது 1997இல். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே விமானி இறந்துவிட்டார். சொந்த உடற்காயத்துக்கான கோரிக்கை ஆளோடு முடிந்துபோகும் என்ற பழைய விதியைக் காட்டி, மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பும் கவிழ்ந்தது. உங்கள் அம்மாவுக்கு 61 வயது. இதை இங்கே எழுதக் கொஞ்சம் தயங்கினேன்.

எவ்வளவு கேட்பது? மருத்துவமனை பில் அடித்தளம் மட்டும்தான். பிசியோதெரபி, உதவிக்கு வைத்த ஆளின் சம்பளம், ஆட்டோ வாடகை, வீட்டுக் கழிப்பறையை மாற்றிக் கட்டிய செலவு, பின்னால் வரக்கூடிய மறு அறுவைச் சிகிச்சை எல்லாவற்றுக்கும் சீட்டு வைத்துக்கொள்ளுங்கள். வருமான இழப்பில்தான் அவசரப்பட்டுக் குறைத்துவிடுகிறார்கள். மருத்துவர் ‘25 சதவீத ஊனம்’ என்று எழுதினால் வருமானத்திலும் 25 சதவீதம் என்று கணக்குப் போடக் கூடாது. மோட்டார் விபத்து வழக்கு ஒன்றில் 2010இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது: இடது கையை இழந்த ஓட்டுநரோ தச்சரோ பிழைப்பையே இழக்கிறார், அதே கையை இழந்த குமாஸ்தா வேலையில் தொடர முடியும். தையல் மிஷினைக் காலால் மிதித்துச் சம்பாதித்தவருக்கு இடுப்பு முறிவது ஓட்டுநருக்குக் கை போவதைப் போலத்தான். அளவெடுத்து எழுதிய நோட்டு, ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவர்கள் ஜிபே மூலம் அனுப்பிய பணம், நூல் வாங்கிய பில் எல்லாம் வருமானத்துக்குச் சாட்சி. தையலோடு வீட்டு வேலைக்கும் மதிப்பு உண்டு. ஜாம்ஷெட்பூரில் 1989இல் ஒரு விழாப் பந்தல் தீப்பிடித்து இறந்த இல்லத்தரசிகளின் உழைப்புக்கு மாதம் 3,000 ரூபாய் என்று 2001இல் உச்ச நீதிமன்றம் மதிப்பிட்டது. அன்றிலிருந்து அந்தக் கொள்கை நிலைபெற்றுவிட்டது. தொகைதான் காலத்துக்கேற்ப ஏறுகிறது.

எதிர்த்தரப்பு மூன்று காரணம் சொல்லும்: பட்டுப்புடவை காலில் தடுக்கியது, சர்க்கரை நோயில் தலை சுற்றியது, எலும்பு ஏற்கெனவே தேய்ந்திருந்தது. முதல் இரண்டும் சாட்சியத்தால் தீர வேண்டியவை. பக்கத்தில் நின்றவர்கள் இரண்டு பேராவது பேச வேண்டும். மூன்றாவதற்குச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. காயப்படுத்தியவர், காயப்பட்டவரை அவர் இருந்த நிலையிலேயே ஏற்க வேண்டும் என்பது பழைய விதி. இளைஞர் விழுந்திருந்தால் சிராய்ப்போடு போயிருக்கும் என்பது தற்காப்பே அல்ல. வயதானவர்கள் வராத கல்யாணம் எங்கே இருக்கிறது? ஒன்றை மட்டும் ஒளிக்காதீர்கள்: தரை ஈரம் என்று கண்ணுக்குத் தெரிந்தும், கைபேசியைப் பார்த்துக்கொண்டோ பேசிக்கொண்டோ நடந்திருந்தால் இழப்பீட்டில் ஒரு பங்கைக் கழிப்பார்கள். கழிப்பார்கள், தள்ளுபடி செய்ய மாட்டார்கள்.

போலீஸ் புகார் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எலும்பு முறிவு சட்டத்தின் பார்வையில் கொடுங்காயம். கவனமற்ற செயலால் அது நேர்ந்தால், இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை தண்டனை உண்டு. ஈரத் தரைக்காக அந்த வழக்கை முழுமூச்சாக நடத்தும் காவல் நிலையத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. ஒரு புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் சீட்டு) வாங்கி வைத்துக்கொண்டால் சம்பவம் நடந்ததற்கு ஒரு பதிவு இருக்கும். அதற்கு மேல் அதில் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

மண்டபத்துக்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா என்று நோட்டீஸிலேயே கேளுங்கள். 1991ஆம் ஆண்டுப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது அபாயகரமான பொருட்களைக் கையாளும் இடங்களுக்கானது, மண்டபத்துக்குப் பொருந்தாது. நான் சொல்வது, விருப்பப்பட்டு எடுத்து வைக்கும் சாதாரண பாலிசி. அது இருந்தால் உரிமையாளரின் குரல் சட்டென்று மென்மையாகிவிடும், ஏனென்றால் பணம் அவர் கையிலிருந்து போவதில்லை. ஆணையமே தொடக்கத்தில் சமரசப் பேச்சுக்கு அனுப்பும் வழியும் சட்டத்தில் இருக்கிறது. பாலிசி உள்ள மண்டபங்கள் அங்கேயே முடித்துக்கொள்ளப் பார்க்கும்.

கடைசியாக, உங்கள் மாமா. சட்டப்படி அவருக்குப் பொறுப்பே இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். ஹரியானாவின் மண்டி டப்வாலியில் 1995 டிசம்பரில் ஒரு கல்யாண மண்டப வளாகத்தில் பள்ளி ஆண்டு விழா நடந்தபோது பந்தல் தீப்பிடித்து 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அந்த வழக்கில் இடத்தை எடுத்து விழா நடத்திய பள்ளி நிர்வாகமும் பொறுப்பிலிருந்து தப்பவில்லை. ஆனால் கூட்டம் எவ்வளவு, வழி எத்தனை, பந்தல் எப்படி என்று தீர்மானித்தது அந்தப் பள்ளி. வாஷ்பேசின் முன்னால் டைல்ஸ் ஒட்டியதிலும், துடைக்க ஆள் வைக்காததிலும் உங்கள் மாமாவுக்கு எந்தக் கையும் இல்லை. மகளைத் தாரை வார்த்துக்கொண்டிருந்தவர் வடிகாலைப் பார்த்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லப்போவதில்லை.

அவருக்கு ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. படிவத்தின் சிறிய எழுத்துகளில் ‘விருந்தினர்களால் எழும் எந்தக் கோரிக்கைக்கும் வாடகைக்கு எடுத்தவர் நிர்வாகத்துக்கு ஈடு செய்ய வேண்டும்’ என்பதுபோல் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், நீங்கள் மண்டபத்தின் மேல் போடும் வழக்கை மண்டபம் அவர் மேல் திருப்பப் பார்க்கும். மண்டபத்தின் சொந்தக் கவனக்குறைவுக்கு அவரை ஈடு செய்யச் சொல்வது நிற்காது என்று வாதாட நல்ல இடமிருக்கிறது. ஆனாலும் ஒரு நோட்டீஸ் அவர் வீட்டுக்குப் போகும், சமையலறையில் அது படிக்கப்படும். மண்டபம் கட்டி வைத்திருக்கும் உண்மையான வேலி அந்த வரிதான். உறவுக்குப் பயந்து நீங்கள் விட்டுவிடுவீர்கள் என்பது அவர்கள் கணக்கு. ஆகவே வக்கீல் நோட்டீஸ் போவதற்கு முன், அம்மாவையும் அழைத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போங்கள். அவரை எதிர்த்தரப்பாகச் சேர்க்கப் போவதில்லை, சாட்சியாக மட்டும் வேண்டும் என்று அம்மாவே சொல்லட்டும். வரும்போது ஒப்பந்தப் படிவத்தின் நகல், அட்வான்ஸ் ரசீது, கடைசியாகக் கணக்கு முடித்த பில், சமையல் காண்ட்ராக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு, வீடியோக்காரரின் எண் ஆகிய ஐந்தையும் வாங்கி வாருங்கள். அவற்றை வைத்துக்கொண்டு நோட்டீஸ் எழுத ஒரு நாள் போதும்.